பழைய பெல்ட் லேத்தில் கார்பைடு டிப்: வெட்டாமல் தள்ளுது, முனையும் உடையுது

கோன்புல்லி:
நாலரை அடி பெட், கோன் புல்லி (படிப்படியான பெல்ட் சக்கரம்) லேத், 1 எச்.பி. மோட்டார். ஸ்பிண்டில் (வேலையைப் பிடிச்சுச் சுத்தும் தண்டு) வேகம் அதிகபட்சம் 450 ஆர்.பி.எம். நாலு பக்க டூல் போஸ்ட்டில் டூல் உட்காரும் தளத்திலிருந்து சென்டர் (ஸ்பிண்டிலின் மைய உயரம்) வரை 18.5 மி.மீ. டிஎன்எம்ஜி 160408 கார்பைடு டிப் (மாத்திப் போடும் கடின வெட்டுமுனை) போட்ட 20×20 ஹோல்டரை மாட்டி 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஷாஃப்ட் ஓட்டினால் டூல் தள்ளுது, ஃபினிஷ் பிய்ந்த மாதிரி வருது. 2 மி.மீ. டெப்த் (வெட்டு ஆழம்) கொடுத்தால் பெல்ட் வழுக்கி வேலை நின்னுடுது, பார்த்தால் டிப் முனை காணோம். ஹோல்டரை மாத்தணுமா, புல்லியை மாத்தி வேகத்தைக் கூட்டணுமா?

மைக்ரான்:
முதல்ல ஹோல்டரை மாத்துங்க. இந்த வகை ஹோல்டரில் டிப் முனை ஷேங்க் (ஹோல்டரின் பிடித் தண்டு) உயரத்துக்கே வரும். அப்படின்னா உங்க முனை சென்டருக்கு 1.5 மி.மீ. மேலே நிக்குது. 25 மி.மீ. விட்டத்தில் அந்த 1.5 மட்டுமே கிட்டத்தட்ட 7 டிகிரி கிளியரன்ஸைத் (முனைக்குக் கீழே உரசாம இருக்கிற இடைவெளிக் கோணம்) தின்னுடும். உங்களோட மாதிரி நெகட்டிவ் டிப்புக்கு (பக்கம் நேர்க்குத்தா இருக்கும், ஹோல்டர்தான் சாய்ச்சுப் பிடிக்கும்) இருக்கிறதே 6 டிகிரிதான். அதான் முனைக்குக் கீழே உள்ள பக்கம் ஷாஃப்டில் உரசுது, வெட்ட மாட்டேங்குது.

எஸ்சிஎல்சிஆர் 1616 ஹோல்டர், சிசிஎம்டி 09டி304 டிப் வாங்குங்க. பாசிட்டிவ் டிப் (பக்கமே உள்ளே சாய்ஞ்சிருக்கும்), தள்ளும் விசை குறைவு, முனை ரேடியஸும் 0.4தான். அடியில் 2.5 மி.மீ. பேக்கிங் வேணும். நாலு மெல்லிசுத் தகடு அடுக்காதீங்க, ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். ஒரே தகடு, ஷேங்க் உட்காரும் நீளம் முழுக்க. டூல் வெளியே 24 மி.மீ.க்கு மேல நீட்ட வேண்டாம்.

உயரம் பார்க்க, ஷாஃப்டுக்கும் டிப் முனைக்கும் நடுவில் 6 இஞ்ச் ஸ்கேலை லேசா நெருக்குங்க. ஸ்கேலின் மேல்முனை உங்க பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கு, அந்தப்பக்கம் சாய்ந்தால் மேலே. கடைசியா ஒரு ஃபேசிங் (ஷாஃப்ட் முகத்தைச் சீவுறது) போட்டு நடுவில் மொட்டு நிக்குதான்னு பாருங்க, நின்னால் உயரம் இன்னும் சரியில்லை.

சக்குசாவி:
புல்லியைத் தொடாதீங்க. அந்த வயசு லேத்தில் ஹெட்ஸ்டாக் பெரும்பாலும் புஷ் பேரிங்தான் (பால் இல்லாத உலோக வளையம்), வேகம் கூட்டினால் சூடாகிப் பிடிக்கும்.

450 ஆர்.பி.எம்.மில் 25 மி.மீ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 35 மீட்டர்தான் ஓடுது. எம்.எஸ்.ஸுக்கு கார்பைடு 100 மீட்டராவது கேட்கும். குறைஞ்ச வேகத்தில் உலோகம் முனையில் ஒட்டி ஒட்டிப் பிய்யும், உயரம் சரியானாலும் ஃபினிஷ் சுமாராத்தான் வரும். 70, 80 மி.மீ. வேலையில் அதே டிப் பளிச்சுன்னு வெட்டும். அங்கேயும் 1 எச்.பி.க்கு 1 மி.மீ. டெப்த், ஒரு சுத்துக்கு 0.15 மி.மீ. ஃபீடுதான் (டூல் நகரும் தூரம்) எல்லை.

முனை போனது பெல்ட் வழுக்கினதால. டிப் வெட்டிக்கிட்டு இருக்கும்போது ஸ்பிண்டில் நின்னால் வெட்டுச் சுருள் முனையோட ஒட்டிக்கும், மறுபடி சுத்தும்போது முனையையும் பேர்த்துக்கிட்டுப் போகும். பெல்ட் சத்தம் மாறின உடனே கிராஸ் ஸ்லைடைப் பின்னால இழுங்க, அப்புறம் சுவிட்ச்.

பச்சைக்கல்:
25 மி.மீ.க்கு எதுக்குங்க கார்பைடு? எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டை நல்லா தீட்டி, கட்டிங் ஆயில் தடவி ஓட்டினால் இந்த வேகத்தில் அதுதான் ராஜா. காஸ்ட் அயர்ன் தோல் உரிக்க, கடினமான பழைய ஷாஃப்ட் ஓட்டத்தான் கார்பைடை எடுப்பேன். அதுக்கும் பிரேஸிங் டிப் டூல் (டிப்பைப் பற்றவச்ச டூல்) போதும்: எஃகுக்கு பி30 ரகம், காஸ்ட் அயர்னுக்கு கே20 ரகம். பச்சைக் கல்லில் (சிலிக்கான் கார்பைடு சாணைக்கல்) தீட்டுங்க, சூடா இருக்கும்போது தண்ணியில் முக்காதீங்க, விரிசல் விடும்.

கோன்புல்லி:
16 ஹோல்டருக்கு ஆர்டர் சொல்லிட்டேன். சின்ன விட்டத்துக்கு எச்.எஸ்.எஸ்.ஸே வச்சுக்கிறேன். கார்பைடு ஓட்டும்போது பிரஷ்ஷால கூலன்ட் தொட்டு வைக்கலாமா?

மைக்ரான்:
வேண்டாம். விட்டால் நிக்காம ஊத்தணும், இல்லேன்னா காய்ஞ்சே ஓட்டணும். சொட்டுச் சொட்டா விழுந்தால் சூடான டிப்பில் விரிசல் விழும். டிப் மாட்டும்போது அது உட்காரும் குழியைத் துடைச்சிடுங்க, அடியில் ஒரு தூள் சுருள் மாட்டினாலே ஸ்க்ரூ இறுக்கும்போது பிளக்கும். இந்த ஸ்க்ரூவுக்கு டி15 நட்சத்திரச் சாவி.