சிலம்பக் கூடத்தில் புரூஸ் லீ படம் மாட்டலாமா?

பாளை வேலு:
பாளையங்கோட்டையில் மாலை நேரச் சிலம்ப வகுப்பு நடத்துகிறேன். ஆயுத பூஜைக்காகக் கூடத்துக்கு வெள்ளையடித்தோம். கம்புகள் சாத்தியிருக்கும் சுவரில் புரூஸ் லீ படம் ஒன்றை மாட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு மாட்டலாம் என்றுதான் தோன்றுகிறது. சண்டைக் கலை என்றாலே பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வருகிறவர் அவர்தான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அம்பைக் கம்புக்காரர்:
மாட்டாதீர்கள் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கூடத்துச் சுவர் ஆசானுக்கு உரியது, அவ்வளவுதான். காலடி நான்கு திசையிலும் படியும் வரை என் ஆசான் என் கையில் கம்பே கொடுக்கவில்லை. மண்ணில் குதிகால் தடத்தைக் குனிந்து பார்ப்பார். தடம் ஆழமாக விழுந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி வரிசை வரிசையாகத்தான் சிலம்பம் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புரூஸ் லீயோ கட்டிவைத்த வரிசைகளே வேண்டாம் என்றவர். அப்படிப் பழகுவது தரையில் நீச்சல் பழகுவதற்குச் சமம் என்பது அவர் கருத்து. அவரே ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் என்ற சீனச் சண்டைக் கலையைக் கற்று முடிப்பதற்குள் 1959-இல், 18 வயதில், அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். அவர் படத்தின் கீழ் நின்றுகொண்டு 'வரிசையை முடித்துவிட்டுப் போ' என்று பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

மேலப்பாளையம் ரஹ்மான்:
அண்ணாச்சி, வரிசையை விட்டார் என்பது சரி. பயிற்சியை விட்டாரா? 1964-இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் வோங் ஜாக் மான் என்ற குங்ஃபூ ஆசிரியரோடு மூடிய அறைக்குள் ஒரு சண்டை நடந்தது. யார் வென்றார் என்பதில் இன்றுவரை இரு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஆனால் அந்தச் சண்டை நினைத்ததைவிட நீண்டதும், தனக்கு மூச்சு வாங்கியதும் புரூஸ் லீயை உறுத்தின. அதற்குப் பிறகுதான் ஓட்டம், எடை தூக்குதல், குத்துச்சண்டை, வாள்வீச்சு என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, 1967-இல் ஜீத் குன் டோ என்று தன் முறைக்குப் பெயர் வைத்தார்.

அவரே எழுதி இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' (1972) படத்தில் ரோம் நகரத்து கொலோசியத்தில் நடக்கும் சண்டையை மறுபடியும் பாருங்கள். எதிரே நிற்கிற சக் நாரிஸ் நிஜத்திலும் கராத்தே சாம்பியன். முதலில் புரூஸ் லீ அடி வாங்குகிறார், விழுகிறார். எழுந்தவர் கால் வைக்கும் முறையையே மாற்றுகிறார். முன்கால் பாதத்தில் லேசாகத் துள்ளத் தொடங்குகிறார்; நாரிஸின் உதை ஆள் இல்லாத இடத்தில் போய் விழுகிறது. உங்கள் ஆசான் மண்ணில் தேடியதும் அந்த லேசான கால்தானே? வென்ற பிறகு எதிராளியின் உடல் மேல் அவருடைய சட்டையையும் கறுப்புப் பட்டையையும் போர்த்தி மண்டியிடுகிறார். இதைவிட நல்ல பாடம் கூடத்துக்கு என்ன வேண்டும்?

ஜங்ஷன் கார்த்தி:
சினிமாக்காரர் படம்தான் வேண்டும் என்றால் ஜாக்கி சான் படத்தை மாட்டுங்கள். சிறு வயதிலேயே சீன இசைநாடகப் பள்ளியில் சேர்ந்து பல ஆண்டுகள் அடியும் பயிற்சியுமாக வளர்ந்தவர். வரிசையை மதிக்கும் அண்ணாச்சிக்கும் அவர் பொருந்துவார். 1986-இல் யுகோஸ்லாவியாவில் படப்பிடிப்பின்போது மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்தும் திரும்பி வந்து நடித்தார்.

மேலப்பாளையம் ரஹ்மான்:
ஜாக்கி சானை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவரே 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1972), 'என்டர் தி டிராகன்' (1973) படங்களில் சண்டைக் கலைஞராக அடி வாங்கி வளர்ந்தவர்தான். அந்த இரண்டாவது படத்தின் குகைச் சண்டையில் புரூஸ் லீ நீளக் கம்பும் எடுக்கிறார், இரட்டைக் குச்சியும் எடுக்கிறார். பிலிப்பைன்ஸ் வம்சாவளிக்காரரான டான் இனோசாண்டோவின் பழக்கத்தில் வந்த குச்சி அது. மாணவராகவும் நண்பராகவும் இருந்தவரிடம் தானும் கற்றுக்கொண்டார். நம் கூடத்துக்குப் பொருத்தமானவர் புரூஸ் லீதான்.

பேட்டை செல்வி:
சண்டைத் திறமையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். புரூஸ் லீ யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று பாருங்கள். சியாட்டிலில் அவருடைய முதல் மாணவர் ஜெஸ்ஸி குளோவர் ஒரு கறுப்பின இளைஞர். அங்கே அவருக்கு உதவி ஆசிரியராக இருந்த டாக்கி கிமுரா ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு முகாமில் அடைத்துவைத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஹாங்காங் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தபோது அங்கே குழந்தையாக இருந்தவர் புரூஸ் லீ. அவரே 1964-இல் தன் திருமணத்துக்கு கிமுராவைத்தான் மாப்பிள்ளைத் தோழராக நிறுத்திக்கொண்டார்.

நம் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளையின் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கிறார்கள். கோயில் கொடையில் யார் கம்பு சுற்றுவது என்பதிலும் தெரு பார்க்கிற ஊர்கள் உண்டு. என் மகளைச் சேர்க்கப் போன இடத்தில் முதல் கேள்வியே 'எந்தத் தெரு?' என்பதாக இருந்தது. திரும்பி வந்துவிட்டோம். இப்படிப்பட்ட மண்ணில், வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் படம் சுவரில் இருக்கட்டும். அவசியம் இருக்க வேண்டும்.

அம்பைக் கம்புக்காரர்:
செல்வி அம்மா, உங்கள் மகளிடம் அப்படிக் கேட்டது பெரும் பாவம். கம்புக்குத் தெரு கிடையாது. கிமுரா செய்தியும் எனக்குப் புதிது, மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அந்தப் படத்தில் கிமுராவையா பார்க்கப் போகிறார்கள்? கடையில் விற்கிற படத்தில் சட்டையில்லாத உடம்பும், மார்பில் நகம் கீறிய கோடுகளும்தான் இருக்கின்றன. 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'யில் ஜப்பானியர் பள்ளிக்குள் தனியாகப் புகுந்து அத்தனை பேரையும் அடித்துப் போடுகிறார். கைதட்டுகிற பையனுக்கு அந்த வெறிதான் மனதில் நிற்கும். இன்னொன்று, 1973 மே மாதம் ஒலிப்பதிவுக் கூடத்தில் சுருண்டு விழுந்து, மூளை வீக்கம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் ஓயாமல் உழைத்தார். ஜூலை 20 அன்று போய்விட்டார். வயது 32. உடம்பைக் காப்பதும் வித்தைதான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

பேட்டை செல்வி:
இறப்புக்குக் காரணம் தலைவலி மாத்திரை உடலுக்கு ஒத்துக்கொள்ளாததுதான் என்று அன்றைய விசாரணையில் கருதினார்கள். அதைப் பயிற்சியின் தலையில் கட்டாதீர்கள் ஐயா. வெறி என்கிறீர்கள். 'நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை' என்ற பலகையை அவர் உதைத்து உடைப்பதும் அதே படத்தில்தானே? கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த உதை எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

பாளை வேலு:
என் வகுப்பில் யாரிடமும் தெருவைக் கேட்பதில்லை அக்கா. மகளை அழைத்து வாருங்கள். மார்புக் கீறல் படம் வேண்டாம் என்பதில் அண்ணாச்சியோடு உடன்படுகிறேன். புரூஸ் லீயும் கிமுராவும் சேர்ந்து நிற்கும் படத்தைத் தேடி, பெரிதாக்கி மாட்டுகிறேன். இருவரும் யார் என்று கீழே தமிழில் எழுதிவைப்போம்.

அம்பைக் கம்புக்காரர்:
அந்தப் படத்துக்கு எனக்கு மறுப்பில்லை. ஆனால் கம்பு சாத்தும் சுவரில் வேண்டாம், வாசலை ஒட்டி மாட்டுங்கள். பிள்ளைகள் மண்ணைத் தொட்டு வணங்கும் திசையில் ஆசானைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

மேலப்பாளையம் ரஹ்மான்:
வாசலில் மாட்டினால் வெயிலில் வெளுத்துப் போகும் அண்ணாச்சி. உள்சுவரில்தான் மாட்ட வேண்டும் என்பதில் நானும் இறங்கி வருவதாக இல்லை.