புதுப்பிப்பு: இறால், கணவாய் ஸ்பகெட்டி

பூண்டு, ஆலிவ் எண்ணெயில் இறாலும் கணவாயும் சேர்த்துச் செய்யும் ஸ்பகெட்டிக்கு (நீளமான பாஸ்தா) முன்பு ஒரு குறிப்பு கொடுத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி, கணவாய் ரப்பராவது பற்றித்தான். கணவாய்க்கு நடுவழி கிடையாது. ஒன்று, நல்ல சூட்டில் 2 நிமிடத்துக்குள் இறக்கணும்; இல்லையென்றால் அரைமணிக்கு மேல் சிறுதீயில் வேகணும். இங்கே முதல் வழிதான். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சட்டி நிறைந்தால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். இறாலும் அப்படியே, வதக்கித் தனியே எடுத்து வையுங்கள்.

சாஸ் ஒட்டவில்லையா? இருவருக்கு 160 கிராம் பாஸ்தா. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்து, பாஸ்தா வெந்த தண்ணீர் அரைக் கப்போடு பூண்டும் ஆலிவ் எண்ணெயும் இருக்கும் சட்டியில் வேகமாகக் கிளறுங்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்தே சாஸைக் கெட்டியாக்கும், கிரீம் எதற்கு? கடைசியில் இறால், கணவாய். சீஸ் வேண்டாம், இத்தாலியிலும் கடலுணவோடு பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

கூட வைக்கும் சாலட்டுக்கு லெட்யூஸ், வெள்ளரி, எலுமிச்சை. உப்பு பரிமாறும்போது மட்டும். முன்பே போட்டால் வெள்ளரி நீர்த்துவிடும்.