கிண்டி பந்தயத் திடலுக்குள் கோல்ஃப்: பார்த்தவர்கள், ஆடியவர்கள் எழுதுங்கள்

பழைய கேடி:
கிண்டியில் கேடியாக, அதாவது கோல்ஃப் ஆடுபவரின் மட்டைப் பை தூக்கியவர்களுக்கு, விளக்கத் தேவையில்லை. குதிரை ஓடும் வட்டத்துக்குள் ஆட்டம். விடியற்காலையில் குதிரைகளுக்குப் பயிற்சியும் நடக்கும். அன்று என் ஆட்டக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து போய் வேலிக் கம்பியில் ‘டங்’கென்று மோதியது. செம்பழுப்புக் குதிரை ஒன்று மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. மேலிருந்த பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எப்படியோ சமாளித்தான். அடித்தவரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்தான். பந்து எங்கே என்று ஆட்டக்காரரும் என்னைத்தான் கேட்டார்.

வேளச்சேரிவாசி:
உள்ளே இருந்தவர்கள் பேசுகிறீர்கள். ஐந்து பர்லாங் சாலையில் போய்வந்த எனக்குத் தெரிந்தது மதில் மட்டுமே. ஒரு மழை நாளில் நண்பரின் அலுவலக மொட்டைமாடியிலிருந்துதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய புல், நடுவில் நனைந்து துவண்ட ஒரு சின்னக் கொடி. கீழே சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். 160 ஏக்கர் நிலம். 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். என் வீட்டுக்கு ஒரு நாள் வாடகையே அவ்வளவு வரும். 2024 செப்டம்பரில் அரசு நிலத்தை எடுத்து, பிறகு மழைநீர் தேங்கக் குளம் வெட்டியதில் என்ன தவறு?

பங்கர் பரமசிவம்:
வேளச்சேரி அன்பரே, குத்தகை பந்தயக் கிளப்புடையதாக இருந்தது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் அங்கே ஒண்டுக்குடித்தனமாகத்தான் இருந்தது. 1777இலிருந்து அது குதிரைகளின் இடம். பந்தயம் என்றால் கோல்ஃப் ஆடும் நாங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அது கிடக்கட்டும். கேடி தம்பிக்கு ஒன்று: பந்து அப்படி வலப்பக்கம் வளைந்தால் மட்டையின் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். மட்டையைப் பிடிக்கும்போது இடது கையை இன்னும் சற்று வலப்பக்கம் திருப்புங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு, மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். தோளை இறுக்காதீர்கள். கிண்டியில் மேடு பள்ளம் இல்லாததால் பலரும் நிற்கும் நிலையைக் கவனிக்காமல் ஓங்கி அடித்துவிடுவார்கள். முதலில் பாதி வீச்சில் பழகுங்கள். பந்து எங்கே போகிறது என்று சட்டென்று தலையைத் தூக்கவும் கூடாது.

பழைய கேடி:
ஐயா, அடித்தது நானில்லை, நான் பை தூக்கினேன். தலையைத் தூக்காமல் பந்தை எப்படித் தேடுவது? வேளச்சேரி அண்ணனுக்கு: குளத்தை நான் குறை சொல்லவில்லை, தண்ணீர் நிற்கும் தெருவில்தான் நானும் இருக்கிறேன். என்னோடு இருந்தவர்களில் இரண்டொருவர் நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே குதிரைத் தொல்லை இல்லையாம்.