புள்ளி மறைந்து மறுபடி வந்துவிட்டது: கடல்மீன் தொட்டிக்கு என்ன மருந்து?

லாஸ்பேட்டை_தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 180 லிட்டர் உப்புத்தண்ணீர், எட்டு மாதமாக ஓடுகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்சல் மீன், ஒரு க்ளீனர் இறால், நாலைந்து நத்தை. நீல மீன் வேண்டும் என்று பொண்ணு ஒரே அடம். இரண்டு வாரத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு ப்ளூ டாங் வாங்கி வந்தேன். கவரை அரை மணி நேரம் மிதக்கவிட்டு நேராகத் தொட்டியிலேயே விட்டுவிட்டேன். தப்புதான், திட்டுங்கள்.

நாலாம் நாள் டாங் உடம்பில் ரவை தூவியது மாதிரி பத்துப் பன்னிரண்டு புள்ளி. கடைக்காரர் தீனியைப் பூண்டுச் சாற்றில் ஊற வைத்துக் கொடுக்கச் சொன்னார். மூன்றே நாளில் புள்ளி சுத்தமாகப் போய்விட்டது. வீட்டில் பூண்டின் மகிமையைப் பேசாத ஆளில்லை. நேற்றுக் காலை விளக்கைப் போட்டால் டாங் முழுக்கப் புள்ளி, க்ளவுன் இரண்டின் செட்டையிலும் புள்ளி. டாங் பாறையில் உரசிக்கொண்டே இருக்கிறது. தீனி எடுக்கின்றன. உப்புத்தண்ணீர் அடர்த்தி 1.025, சூடு 28 டிகிரி, அம்மோனியா இல்லை. பழைய நன்னீர்த் தொட்டிக்கு வாங்கிய நீலச் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது. ஊற்றலாமா?

முதலியார்பேட்டை_கோல்டு:
என் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இதே புள்ளி வந்தது. ஹீட்டரை 30க்கு மேல் ஏற்றிக் கல்லுப்புப் போட்டேன், ஒரே வாரத்தில் சரி. உங்களுக்கு உப்பு ஏற்கெனவே இருக்கிறது, சூட்டை மட்டும் ஏற்றிப் பாருங்கள். உரக்கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கிடைக்கும், ஒரு சிட்டிகை போட்டாலும் கேட்கும் என்பார்கள்.

மஞ்சக்குப்பம்_உப்புத்தண்ணி:
தம்பி, அந்தச் சிட்டிகையைப் போட்டுவிடாதீர்கள். 2011 கார்த்திகையில் நான் அதைத்தான் செய்தேன். மறுநாள் காலையில் இறால் இரண்டும் கவிழ்ந்து கிடந்தன, அடுத்து நத்தைகள். மயில்துத்தத்தின் எடையில் கால்வாசி செம்பு. 100 லிட்டருக்கு 80 மில்லிகிராம் போனாலே மருந்து அளவு வந்துவிடும். சிட்டிகை என்பது அதற்குப் பல மடங்கு. அதைவிட மோசம், பாறையும் மணலும் செம்பை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் பாறையை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் கழித்து நத்தை விட்டேன், அதுவும் செத்தது. மீன்கள் மட்டும் பிழைத்தன. அதுவும் டிசம்பர் 30 வரைக்கும்தான். தானே புயலில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கோல்டு ஃபிஷ் நண்பர் சொன்னது நன்னீர்ப் புள்ளி. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கிருமி வேறு. இதன் பெயர் கிரிப்டோகேரியான். உப்பிலேயே பிறந்து வளர்வது, கல்லுப்புக்கா பயப்படும்? 30 டிகிரியும் அதற்கு ஒன்றுமில்லை. சித்திரையில் நம் ஊர்த் தொட்டிகள் தானாகவே அங்கேதான் நிற்கின்றன.

பூண்டு எதையும் குணப்படுத்தவில்லை. புள்ளி மீன்மேல் இருப்பது மூன்று முதல் ஏழு நாள்தான். தின்று கொழுத்ததும் தானே உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று நூறாகப் பிரிந்து, வெளியே வந்து மீனைத் தேடும். நீங்கள் மகிமை பேசிக்கொண்டிருந்த நாட்களில் அது உங்கள் மணலில் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. கூட்டுக்குள் இருக்கும்போது செம்பும் அதைத் தொடாது. நீலச் சொட்டு தொட்டிக் கழிவைத் தின்கிற பாக்டீரியாவைத்தான் கெடுக்கும். அதனால் தொட்டிக்கு மருந்தே கிடையாது. மீனை வெளியே எடுங்கள், தொட்டியைப் பட்டினி போடுங்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். மூச்சு வேகமாக வாங்குகிறதா? புள்ளி ரவை மாதிரியா, மாவு தூவின மாதிரியா?

லாஸ்பேட்டை_தொட்டி:
ரவை மாதிரிதான் அண்ணா, எண்ணிவிடலாம். மூச்சு சாதாரணமாக இருக்கிறது. இறாலையும் எடுக்க வேண்டுமா?

மஞ்சக்குப்பம்_உப்புத்தண்ணி:
நல்லது. மாவு மாதிரி இருந்து மூச்சும் வாங்கினால் அது வெல்வெட் என்கிற வேறு நோய், இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். அதற்கு இப்போது நான் சொல்லப்போவது உதவாது, தனித் தொட்டியில் செம்பு மருந்துதான், தினமும் டெஸ்ட் கிட்டில் அளந்து.

உங்களுக்கு மருந்தே வேண்டாம். 40 லிட்டர் ப்ளாஸ்டிக் டப் இரண்டு வாங்குங்கள். மணல், பாறை எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள பி.வி.சி. பைப் துண்டும் காற்றுக் குமிழி விடுகிற ஏர் கல்லும் போதும். மீன்களை முதல் டப்பில் விட்டு, மூன்று நாள் ஆனதும் இரண்டாவது டப்புக்கு மாற்றுங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உதிர்ந்தது கூட்டிலிருந்து வெளிவர அவ்வளவு நேரமாவது ஆகும், அதற்குள் மீன் அங்கே இருக்காது. காலியான டப், பைப், ஏர் கல் எல்லாவற்றையும் கழுவி மொட்டைமாடி வெயிலில் ஒரு நாள் காய வையுங்கள். இப்படி நான்கு மாற்றம், 13ஆம் நாள் முடிந்துவிடும். ஐந்து முறை தண்ணீர் கலக்க வேண்டும், 200 லிட்டர், லிட்டருக்கு 35 கிராம் என்றால் 7 கிலோ உப்பு. செலவுதான், ஆனால் புது டாங்கை விடக் குறைவு. ஃபில்டர் இல்லாத டப் என்பதால் அம்மோனியா இரண்டாம் நாளே ஏறும், தீனியைக் குறையுங்கள்.

இறாலும் நத்தையும் தொட்டியிலேயே இருக்கட்டும், இந்தக் கிருமிக்கு மீன் மட்டும்தான் தேவை. தொட்டி மீன் இல்லாமல் 76 நாள் கிடக்க வேண்டும். ஆய்வில் 72 நாள் கழித்தும் கூட்டிலிருந்து வெளிவந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதுவரை மீன்கள் இருக்க ஒரு தனித் தொட்டிக்கு இன்றே ஒரு புது ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பழக்குங்கள், கழிவைத் தின்கிற பாக்டீரியா அதில் வளரட்டும். பழைய தொட்டி ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டால் கூட்டையும் சேர்த்துக் கொண்டுபோவீர்கள்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். ப்ளூ டாங் ஓர் அடி வளரும், மூன்றடித் தொட்டியில் திரும்பக்கூட இடம் போதாது.

பரங்கிப்பேட்டை_முகத்துவாரம்:
உப்பு மிச்சம் என்று கடல் தண்ணீரை மொண்டு வந்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் ஆறு கலக்கிற இடங்களில் உப்பு எங்கேயோ இறங்கிக் கிடக்கும், கிருமியும் வரலாம். அடுத்த முறை க்ளவுன் வாங்கினால் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊர் அண்ணாமலைப் பல்கலைக் கடல் உயிரியல் மையத்திலேயே பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை_தொட்டி:
இன்று 14ஆம் நாள். டாங் இரண்டாம் டப்பிலேயே போய்விட்டது, பொண்ணு ஒரு நாள் என்னோடு பேசவில்லை. டாம்சல் ஒரு ராத்திரி குதித்துத் தரையில் கிடந்தது, நல்லவேளை தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்புறம் கொசுவலையைக் கட்டிவிட்டேன். க்ளவுன் இரண்டும் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் காலித் தொட்டியில் இறாலுக்கு என்ன போடுவது?

மஞ்சக்குப்பம்_உப்புத்தண்ணி:
இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை தீனி. இந்தச் சிட்டிகைக்குப் பயப்பட வேண்டாம். தொட்டியில் நனைந்த கையோடு க்ளவுன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.