நாய் கடிக்கவில்லை, மேலே தாவியது மட்டும்தான். இதற்கும் நான்தான் பொறுப்பா?

லேப்_அப்பா (கேள்வி)

சென்னை. எங்களிடம் மூன்று வயது லேப்ராடர் இருக்கிறான், 34 கிலோ. வீட்டில் பாப்பா காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் படுத்திருப்பான். தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறோம், மாநகராட்சி உரிமமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு பெசன்ட் நகர் பீச்சில் கூட்டம் இல்லையே என்று கயிற்றைக் கழற்றிவிட்டேன். எப்போதும் அலை ஓரமாக ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத் தானாகத் திரும்பி வந்துவிடுவான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, எதிரே நடந்து வந்த ஒரு அம்மாவைப் பார்த்து நேராக ஓடினான், அறுபது அறுபத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. நான் கூப்பிட்டேன், காதிலேயே வாங்கவில்லை. "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் கையில் வைத்திருந்த செருப்பைத் தூக்கினார், இவன் விளையாட்டு என்று நினைத்து முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் வைத்துவிட்டான். மல்லாக்க விழுந்துவிட்டார். மணல்தான், ஆனாலும் கையை ஊன்றியதில் மணிக்கட்டில் வலி, முழங்கைக்குக் கீழே நகம் பட்டு லேசாக ரத்தம்.

மன்னிப்புக் கேட்டேன், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன், என் நம்பரையும் கொடுத்தேன். ராத்திரி அவர் மகன் போன் செய்து எக்ஸ்ரே, ஊசி எல்லாம் உங்கள் செலவு, இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்குப் போவேன் என்கிறார். பணம் பிரச்சினை இல்லை. ஆனால் கடிக்கவே இல்லை, அதுவும் தடுப்பூசி போட்ட நாய், எதற்கு ரேபிஸ் ஊசி? செருப்பைத் தூக்காமல் சும்மா நின்றிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்பதும் உண்மைதானே. வீட்டுக்காரி என்னைத்தான் திட்டுகிறாள். நீங்கள் நியாயமாகச் சொல்லுங்கள்.

ஊசி_அக்கா

ஊசி விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினொரு வருடமாக நாய்க்கடிக்காரர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "கடிக்கலை சிஸ்டர், கீறல்தான்" என்று வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சில் நகத்தில் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாம் வகை, தோல் கிழிந்து ரத்தம் வந்துவிட்டால் கடியோ கீறலோ அது மூன்றாம் வகை. மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை கிருமியைத் தடுக்கும் மருந்து அது. தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 என்று நான்கு நாள், முதல் ஊசி போடும் நாள்தான் 0. அரசு மருத்துவமனையில் இலவசம்.

உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து அவர் மகனுக்கு அனுப்புங்கள். பத்து நாள் நாயை வெளியே அலையவிடாமல் கண்ணில் வைத்திருங்கள். அதை வைத்து மிச்ச ஊசி வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். ஆனால் முதல் ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது, அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன் என்கிறீர்கள், குடிப்பதற்குத்தானே? காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொன்னீர்களா? அதுதான் முதல் வைத்தியம்.

ரெண்டாம்_மாடி_பார்சல்

நான் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவன். கேட் திறந்ததும் முதலில் நாய் வரும், அப்புறம் ஓனர் வருவார், கடைசியில் அந்த வசனம் வரும்: "ஒண்ணும் பண்ணாதுங்க." நாலு வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. போன வருடம் அப்படிச் சொன்ன ஒரு வீட்டு நாய்தான் ஆடுசதையில் பல்லை இறக்கியது. "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லையே" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது. அஞ்சு நாள் வண்டி எடுக்கவில்லை, அந்த அஞ்சு நாள் வருமானம் யார் கொடுப்பார்கள்?

அண்ணே, உங்களுக்கு அவன் பிள்ளை மாதிரி. எதிரே நிற்கிறவனுக்கு 34 கிலோ. உங்கள் பாப்பாவிடம் எப்படி இருப்பான் என்பது உங்களுக்குத் தெரியும், தெரியாத ஆளிடம் எப்படி இருப்பான் என்பது அன்றைக்கு உங்களுக்கே தெரியவில்லை, அதுதானே நடந்தது. செருப்பைத் தூக்கினார் என்று வேறு சொல்கிறீர்கள். விடியற்காலையில் முகம் தெரியாத நாய் ஒன்று பாய்ந்து வந்தால் கையில் இருப்பதைத் தூக்காமல் பிஸ்கட்டா நீட்டுவார்கள்?

கோர்ட்_கேன்டீன்

சட்டம் கடியை மட்டும் பார்ப்பதில்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு: தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்கிற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐபிசி) 289-தான் இது, அங்கே அபராதம் 1000 ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயப் பட்டியலில் வருகிறது, அதனால் எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்பது உங்களுக்கும் முக்கியம். பணத்தைக் கொடுத்துப் பேசி முடியுங்கள். செருப்பைத் தூக்கினார் என்கிற வாதத்தை ஸ்டேஷனில் வைத்துவிடாதீர்கள், எடுபடாது.

சிப்பிக்குட்டி

எல்லோரும் சேர்ந்து ஒரு ஆளைச் சாத்தாதீர்கள். உரிமம் எடுத்து, ஊசி போட்டு, விழுந்தவரை ஆட்டோ ஏற்றி நம்பரும் கொடுத்திருக்கிறார், இங்கே எத்தனை பேர் அவ்வளவு செய்வார்கள்? நாய் வளர்க்கிறவர்கள் படும் பாட்டை யாரும் பேசுவதில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், அப்படித் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, அதைக் காட்டிய பிறகுதான் கிழித்தார்கள். பார்க்கில் விட மாட்டார்கள், ரோட்டில் தெருநாய் துரத்தும். ஓடுவதற்கு இந்த ஊரில் எங்கே இடம் இருக்கிறது? விடியற்காலை பீச்தான் மிச்சம்.

ரெண்டாம்_மாடி_பார்சல்

இடம் இல்லை என்பது சரி. அதற்கு அந்த அம்மா என்ன செய்வார், அவருக்கும் நடக்க அந்த பீச்தான் மிச்சம்.

கோர்ட்_கேன்டீன்

பார்க்கில் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர்கள் காவலாளியின் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரே போனது. இதெல்லாம் தெருநாய் இல்லை, வீட்டு நாய்கள். லேப்ராடரையும் அதையும் ஒன்றாக வைக்கவில்லை, ஆனால் எதிரே வருகிறவர் இனம் பார்த்துப் பயப்பட மாட்டார்.

தேம்ஸ்_கரை

லண்டனில் இருக்கிறேன், எங்களிடமும் ஒரு ஸ்பானியல் உண்டு. இங்கே 1991-ல் வந்த ஆபத்தான நாய்கள் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: நாய் கடித்திருக்க வேண்டும் என்றில்லை, காயப்படுத்திவிடுமோ என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி நடந்துகொண்டாலே அது கட்டுப்பாட்டை மீறிய நாய்தான். அதாவது எதிராளியின் பயத்துக்கே சட்டத்தில் மதிப்பு இருக்கிறது. 2014-க்குப் பிறகு சொந்த வீட்டுக்குள் நடந்தாலும் பொருந்தும், தபால்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. எல்லோரும் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள், பார்க்கில் "ஹி இஸ் ஃபிரெண்ட்லி" என்று தூரத்திலிருந்தே கத்துகிற ஆட்கள் இங்கேயும் நிறைய, மொழிதான் வேறு. ஒதுங்கி இருக்க விரும்பும் நாய்க்குக் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டும் பழக்கமும் சிலரிடம் உண்டு, மற்றவர்கள் பார்த்துத் தள்ளிப் போய்விடலாம்.

கோம்பை_கண்ணு

மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் நாய். இப்போது இருப்பது ராஜபாளையம், அந்நியர் கிட்டே வந்தாலே விறைத்துக்கொள்ளும், அதனால் நான் "ஒண்ணும் பண்ணாது" என்று யாரிடமும் சொன்னதில்லை, "கொஞ்சம் தள்ளியே போங்க" என்றுதான் சொல்வேன். ஒரு விதத்தில் உங்களுக்குத்தான் கஷ்டம், லேப்ராடர் என்றால் எல்லோரையும் கொஞ்சும் என்கிற நினைப்பிலேயே யாரும் பழக்குவதில்லை. தாவிக் கொஞ்சுவதைக் குட்டியில் ரசிப்போம், வளர்ந்த பிறகு அதே தாவல் ஆளைச் சாய்த்துவிடும். குட்டியாக இருந்தபோது தாவினால் தூக்கிக் கொஞ்சினீர்களா இல்லையா, சொல்லுங்கள்.

பீச்சுக்குப் போவதை விட வேண்டாம். பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்கி நெஞ்சுப் பட்டையில் மாட்டுங்கள், ஓடவும் செய்வான், கயிறும் உங்கள் கையில் இருக்கும். பட்டனை அழுத்தினால் நீள்கிற மாதிரி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள், கையை அறுத்துவிடும். ஆள் வருவது தெரிந்தால் கயிற்றைச் சுருட்டிப் பக்கத்தில் உட்கார வைத்து வாயில் ஒரு துண்டு பிஸ்கட், அவர் தாண்டிப் போகும் வரை. தினமும் ஐம்பது தடவை செய்தால் மனிதரைப் பார்த்தாலே உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பான். கூப்பிட்டதும் வருவது என்பது வீட்டு ஹாலில் வருவது இல்லை, எதிரே இன்னொரு நாயும் ஒரு பந்தும் இருக்கும்போது வர வேண்டும். அது வரும் வரை கயிற்றைக் கழற்றக் கூடாது.

வாய்மூடி போடுவதென்றால் கூடை மாதிரி இருப்பதைப் போடுங்கள். துணியில் இறுக்கிக் கட்டுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது, நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்புறம், வாலை ஆட்டுகிறது, நல்ல நாய் என்று நம்பி யாரும் கையை நீட்டாதீர்கள். பதற்றத்திலும் வால் ஆடும்.

லேப்_அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது, ரெண்டாம்_மாடி தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மொபைலை வைத்துவிட்டேன். ஆமாம், குட்டியில் தூக்கிக் கொஞ்சினோம்.

திங்கட்கிழமை காலை நானே காரில் அழைத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் மெல்லிய விரிசல், நாலு வாரம் கட்டு. முதல் ஊசியும் இம்யூனோகுளோபுலினும் அன்றைக்கே போட்டுவிட்டார்கள், இன்று இரண்டாவது ஊசி. மகன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அந்த அம்மா திட்டவும் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கணவர் போனதிலிருந்து ஆறு வருடமாகத் தினமும் அந்த பீச்சில் நடக்கிறாராம், இனி மொட்டை மாடியிலேயே நடந்துகொள்கிறேன் என்றார். கட்டு பிரித்ததும் வாருங்கள், நாயை அழைத்து வர மாட்டேன், நான் மட்டும் கூட வருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார்.

பத்து மீட்டர் கயிறு ஆர்டர் செய்திருக்கிறேன்.

ஊசி_அக்கா

அடுத்த ஊசி ஏழாம் நாள், முதல் ஊசி போட்ட திங்களிலிருந்து கணக்கு, அதாவது வருகிற திங்கள். வலது கையில் கட்டு என்றால் ஆட்டோவில் தனியாக அனுப்பாதீர்கள்.