முழுமை பெறாத டிஸ்க் கோல்ஃப் திடலில் எப்படி முறையாக ஆடுவது?

கேட்டவர்: ஆற்றோரம்

வணக்கம். சுங்கை சிப்புட் நகருக்கு வெளியே, பழைய பால்மரத் தோட்டத்தை ஒட்டியுள்ள ஒரு முகாம் திடலில் சென்ற பள்ளி விடுமுறையின்போது குடும்பத்துடன் இரண்டு இரவுகள் தங்கினோம். அங்கே டிஸ்க் கோல்ஃப் ஆட, அதாவது வட்டை எறிந்து குறைந்த எறிகளில் கூடையில் சேர்க்கும் ஆட்டத்துக்கு, ஒன்பது கூடைகள் வைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். இதுவரை ஐந்து கூடைகளே நடப்பட்டுள்ளன. மற்ற நான்கு இடங்களிலும் சிவப்புச் சாயம் பூசிய கம்புகள்தாம் நிற்கின்றன. எறிமேடையோ, தூரம் எழுதிய பலகையோ எங்கும் இல்லை. ஆறாவது கம்பு, இன்றும் பால்வெட்டு நடக்கும் நிரைகளுக்கு மிக அருகில் இருக்கிறது.

என் மகனும் அக்காள் மகளும் முதல் நாள் காலையிலேயே இந்த ஆட்டத்தில் ஒன்றிப்போனார்கள். ஆனால் வட்டு கம்பில் பட்டால் போதுமா, அடியில் விழுந்தாலும் கணக்கா, புதரில் தொலைந்தால் என்ன செய்வது என்று ஒவ்வோர் எறிக்கும் வாக்குவாதம் எழுந்தது. அடுத்த விடுமுறையிலும் அங்கேதான் போகப் போகிறோம். பாதி வேலையில் நிற்கும் திடலிலும் விதிப்படி ஆட முடியுமா?

பதில்: ஈப்போ எறியாளர்

தாராளமாக ஆடலாம். கம்பை நோக்கி எறிவது குறைபட்ட ஆட்டம் என்று பிள்ளைகள் எண்ண வேண்டாம். சங்கிலிக் கூடை வருவதற்கு முன்பு இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் மரங்களையும் கம்பங்களையும்தான் இலக்காக வைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் முதல் நிரந்தரத் திடலை அமைத்த எட் ஹெட்ரிக்தான் பின்னர் சங்கிலிக் கூடையையும் வடிவமைத்தார். 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அச்சங்கத்தின் விதிகள் இன்றும் கூடையல்லாத இலக்குகளை ஏற்கின்றன. கம்பில் குறித்த பகுதியை வட்டு நேரடியாகத் தொட வேண்டும் என்பதே விதி. அடியில் வந்து விழுந்தால் அது கணக்கில் சேராது. ஆகவே ஆட்டம் தொடங்கும் முன்பே, சாயம் பூசிய பகுதியில் எங்கிருந்து எதுவரை இலக்கு என்று நீங்களே முடிவு செய்துவிடுங்கள். கூடையில் வட்டு தட்டிலோ சங்கிலியிலோ தங்கி நிற்க வேண்டும். கூடையின் தலைமேல் போய் உட்கார்ந்தால் செல்லாது.

தொலைந்த வட்டைத் தேட மூன்று நிமிடம் உண்டு. அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் எறி தண்டனையாகக் கூடும். முன்பு எறிந்த இடத்துக்கே திரும்பி மறுபடி எறிய வேண்டும். மழைநீர் தேங்கிய இடத்திலோ, குளவிக்கூட்டுக்கு அருகிலோ வட்டு விழுந்தால், இலக்கிலிருந்து பின்னோக்கிச் சென்று தண்டனையின்றி எறியலாம். இலக்கைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் நின்று எறிபவர், எறிந்த பின் நிலையாக நின்று காட்டிய பிறகே முன்னே அடி எடுத்து வைக்கலாம். பிள்ளைகள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

எறிமேடை இல்லாத இடங்களில் கூடார முளைகள் இரண்டை நட்டு எல்லை குறித்துக்கொள்ளுங்கள். ஈரப் புல்லில் ஓடிவந்து எறிய வேண்டாம், நின்றே எறியட்டும்.

பதில்: தோட்டத்துப் பிள்ளை

ஆறாவது கம்பைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். என் அம்மா முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். விடியுமுன் வெட்டிவிட்டுப் போன மரத்தில், கோப்பைக்குள் பால் சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு வட்டு பட்டுக் கோப்பை கவிழ்ந்தால், அது ஒரு தொழிலாளியின் அன்றைய கூலியில் குறையும். பட்டையில் பலமாக அடிபடுவது அதைவிடக் கேடு. பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அதற்கும் கீழே உள்ள வளர்படலம் காயப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும், அந்த இடத்தில் மறுபடி கத்தி வைப்பது கடினம்.

வலக்கையால் வழக்கமான புறங்கை எறி எறிபவரின் வட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கமாகச் சரியும். நிரைகள் உங்கள் இடப்பக்கம் இருந்தால் வட்டு அங்கேதான் போகும். முகாம் உரிமையாளரிடம் சொல்லிக் கம்பை ஆற்றுப்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். அதுவரை ஆறாவதை விட்டுவிட்டு மீதி எட்டு இலக்குகளை மட்டும் ஆடுங்கள். இன்னொன்று, பக்கத்தில் செம்பனை இருந்தால், வெட்டிக் குவித்த மட்டைகளுக்குள் பிள்ளைகள் கைவிடக் கூடாது. எலியைத் தேடிப் பாம்பு தங்கும் இடம் அது.

பதில்: மலையடிவாரம்

பால்மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போனால் பழுப்பு, சிவப்பு வட்டுகள் சருகுக்குள் மறைந்துவிடும். இளஞ்சிவப்போ நீலமோ வாங்குங்கள். பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் கூடைகளை விட்டு உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

கேட்டவர்: ஆற்றோரம்

அனைவருக்கும் நன்றி. தோட்டத்துப் பிள்ளை அவர்களே, கோப்பையைப் பற்றி நீங்கள் எழுதியதை மகனிடம் வாசித்துக் காட்டினேன். அவனுடைய பாட்டியும் வெட்டுக்காரர்தான் என்பதை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். உரிமையாளரை இன்று அழைத்துப் பேசினேன். கம்பை நகர்த்த ஒப்புக்கொண்டார். ஆனால் ஆற்றுப்பக்கம் நகர்த்தினால் வட்டு தண்ணீரில் விழும். அதற்கு என்ன கணக்கு?

பதில்: ஈப்போ எறியாளர்

ஆற்றை எல்லைக்கு வெளியே என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஓர் எறி தண்டனை. வட்டு எல்லையைக் கடந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்து எறியலாம். பிள்ளைகள் வட்டை எடுக்க ஆற்றில் இறங்காதபடி பெரியவர் ஒருவர் கரையில் நிற்கட்டும்.