'வந்தார்', 'வந்தான்': புதிதாக வெளிநாடு வந்திருப்பவர்களுக்கு, பிள்ளைகளை முன்னிட்டுச் சில வார்த்தைகள்

நம் குழுவில் புதிதாக வந்தவர்கள் வீடு, வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை பற்றியெல்லாம் கேட்கிறீர்கள், அனுபவப்பட்டவர்கள் பதில் சொல்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி நான் எழுதுகிறேன். நம் வீட்டுக்குள் மற்ற இனத்தவரைப் பற்றி நாம் பேசுகிற பேச்சும், அதைக் கேட்டு வளர்கிற பிள்ளையும். நாங்கள் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் மாதமே யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மகளுக்கு அப்போது நாலரை வயது. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். ராத்திரி அவள் அப்பாவிடம் கதை சொல்கிறாள்: "முதல்ல ஒரு டாக்டர் வந்தார். அப்புறம் ஒரு கறுப்பு டாக்டர் வந்தான்."

"வந்தார்னு சொல்லணும் கண்ணு" என்று அவர் திருத்தினார். அவள் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்: "கறுப்பா இருந்தா வந்தான்தானே?"

நான் கையில் மருந்துப் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பினத்தவரை மட்டமாக நினை என்று நாங்கள் இருவருமே ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்கள் என்று எங்களை நாங்கள் நினைத்ததும் இல்லை. ஆனால் அடுத்த ஒரு வாரம் என் பேச்சை நானே காதுகொடுத்துக் கேட்டேன். என் மேலதிகாரி வெள்ளைக்காரர். அவர் 'சொன்னார்', 'கூப்பிட்டார்'. என்னைவிட வயதில் மூத்த, நரைத்த தலையோடு பேருந்து ஓட்டுகிற ஆப்பிரிக்கர் 'பிரேக் போட்டான்'. கீழ்வீட்டு வியட்நாமியர் 'அந்தச் சைனாக்காரன்', 'கதவைச் சாத்தினான்'. இப்படித்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு வினைச்சொல் சொன்னாலே அவருக்கு மரியாதை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறோம். குழந்தை எங்கள் பேச்சிலிருந்து இலக்கணம் படித்தாள். யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்' என்ற விதியைச் சரியாகவே பிடித்திருந்தாள். விதிதான் தப்பு.

ஆகவே வந்த புதிதிலேயே செய்யக்கூடிய முதல் காரியம் இதுதான். அடுத்த ஒரு வாரம் வீட்டில் யாரை 'அவர்' என்கிறீர்கள், யாரை 'அவன்', 'அது' என்கிறீர்கள் என்று கவனியுங்கள். தோல் நிறத்தோடும் மூக்கின் வடிவத்தோடும் அது ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பழக்கம் வெளிநாட்டில்தான் நமக்கு வருகிறது. நாம் பேசுவது சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முடியைப் பற்றி, உடம்பைப் பற்றி, வாசனையைப் பற்றி முகத்தில் எதுவும் காட்டாமல் தமிழில் பேசிக்கொள்கிறோம். எதிரே இருப்பவருக்குப் புரியாமல் இருக்கலாம். மடியில் இருக்கிற குழந்தைக்குப் புரியும். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைக்குத் தமிழ் காதில் விழும் இடங்கள் மிகக் குறைவு. பள்ளியில் இல்லை, விளையாட்டுத் திடலில் இல்லை. வெளியே போகும்போது அம்மாவும் அப்பாவும் தமிழுக்கு மாறினாலே யாரையோ குறை சொல்லப்போகிறார்கள் என்று அவள் மனதில் பதிந்தால், தமிழே அவளுக்கு அந்த வேலைக்கான மொழி ஆகிவிடும். இதை நினைத்தால் எனக்குத் தாங்க முடியவில்லை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்த பெரிய சொத்து இந்த மொழி.

கறுப்பினத்தவரைக் குறிக்கப் பெரியவர்கள் சிலர் சர்வசாதாரணமாகச் சொல்கிற 'காப்பிலி', 'காப்பிரி' என்ற சொல் அரபு மொழியில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. அதே வேரில் பிறந்த சொல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் மிக மோசமான வசை. அதைச் சொல்லித் திட்டியதற்காக 2018-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே கிடைத்தது. புரியாது என்று நினைத்து நாம் சொல்வது சிலருக்கு நன்றாகவே புரியும்.

பேச்சை மட்டும் திருத்தினால் போதாது. கையையும் கவனிக்க வேண்டும். ஒரு மாலை லிஃப்டில் உயரமான கறுப்பின இளைஞர் ஒருவர் ஏறினார். காதில் ஹெட்ஃபோன், எங்களைப் பார்க்கக்கூட இல்லை. நான் "ஹலோ" என்று சிரித்துத்தான் சொன்னேன். அதே நேரம் என் இடது கை மகளின் விரல்களை இறுக்கி, அவளை என் பின்பக்கமாக இழுத்தது. அவள் அண்ணாந்து முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். என் முகம் சொன்னதை விட்டுவிட்டு என் கை சொன்னதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். அடுத்த முறை லிஃப்ட் கதவு திறந்தபோது தானாகவே என் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இத்தாலியில் ஓர் ஆய்வு நடத்தி 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் பேசிக்கொள்ளும் காணொளியைச் சின்னக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். வெள்ளையர் வாயால் அன்பாகப் பேசினாலும், தள்ளி நின்று, கண்ணைப் பார்க்காமல், சங்கடத்தோடு பேசினால், குழந்தைகள் அந்தச் சங்கடத்தையே பின்பற்றினார்கள். அன்பான வார்த்தைகள் அதை மாற்றவில்லை. இதை நான் பிற்பாடுதான் படித்தேன். படித்தபோது அந்த லிஃப்ட் நினைவுக்கு வந்தது.

"குழந்தைக்கு என்ன தெரியும், அதுக்கு நிறமே தெரியாது" என்பார்கள். தெரியும். 2005-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், பிறந்த சில நாள் குழந்தைகள் எல்லா இனத்து முகங்களையும் ஒரேபோலப் பார்த்தன. மூன்று மாதக் குழந்தைகளோ தம் இனத்து முகங்களையே அதிக நேரம் பார்த்தன. அடுத்த ஆண்டு வெளியான இஸ்ரேல் ஆய்வில், எத்தியோப்பியாவிலிருந்து வந்த குடும்பங்களில் பிறந்து இரண்டு வகை முகங்களையும் தினமும் பார்த்து வளர்ந்த குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. முகத்தை அதிக நேரம் பார்ப்பது வெறுப்பு ஆகாது, அது வெறும் பழக்கம். ஆனால் யாருடைய முகங்களைப் பார்த்து நம் குழந்தை வளர வேண்டும் என்று தீர்மானிப்பது நாம். வார இறுதி என்றால் தமிழ்க் குடும்பங்கள் மட்டும், பிறந்தநாள் என்றால் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்றால் அதுவும் ஒரு பாடம்தான். புது ஊரில் நம் மக்கள் வேண்டும், அது எனக்கும் தெரியும். தனிமை அப்படி அழுத்தும். இருந்தாலும் பள்ளியில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் அம்மாவை ஒரு நாள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் திணறலாக இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

அடுத்தது நம் சொந்த நிறம். எழுதவே கஷ்டமாக இருக்கும் பகுதி இது.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940-களில் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்தார்கள். நிறம் தவிர எல்லாம் ஒன்று. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். கெட்டது என்று பழுப்புப் பொம்மையைக் காட்டிய கையாலேயே "இதுதான் நான்" என்று மறுபடி அதைக் காட்ட வேண்டியிருந்தபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தந்த தீர்ப்பில் இவர்கள் ஆய்வும் எடுத்துக்காட்டப்பட்டது.

அந்தப் பொம்மைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு என் சிறுவயது ஞாபகம் வந்தது. "வெயில்ல ஆடாதே, கறுத்துப்போவே" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டிருப்பேன்! அதைச் சொன்ன என் அத்தைக்கு என்மேல் உயிர். வெயிலில் தலை வலிக்கும், மயக்கம் வரும் என்று சொல்லவில்லை, கறுத்துப்போவதுதான் ஆபத்து. நான் என் அக்காவைவிடக் கறுப்பு. "பெரியவ நல்ல கலர், சின்னவ முகவெட்டு" என்று வருகிறவர்கள் பங்கு பிரித்துச் சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நான், அதே வாயால் என் மகளிடம் "தொப்பி போட்டுக்கோ, கறுத்துடுவே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்பது ஒரு தண்டனை என்று வீட்டில் கேட்ட பிள்ளை, வகுப்பில் தன்னைவிடக் கறுப்பான பிள்ளையைப் பார்த்து என்ன நினைக்கும்? இன வெறுப்பு வெளிநாட்டில் வந்து நமக்குத் தொற்றிய நோய் என்று நினைத்திருந்தேன். பாதியை நாமே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறோம்.

இதை எழுதத் தொடங்கியதும் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: "எங்கள் பையனையே பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். நாங்களே அடிபடுகிறவர்கள், எங்களுக்கு எதற்கு இந்தப் பாடம்?" நியாயமான கோபம். முதலில் அந்தப் பையனுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். "கண்டுக்காதே" என்று சொல்லாதீர்கள். யார், எந்த நாள், என்ன வார்த்தை, யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். வகுப்பாசிரியருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு காற்றில் போகும். பதில் வராவிட்டால் தலைமையாசிரியர், அதற்கும் மேலே. பிரிட்டனில் 2010-ம் ஆண்டு சமத்துவச் சட்டம், ஆஸ்திரேலியாவில் 1975-ம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டம், அமெரிக்காவில் 1964-ம் ஆண்டு குடிசார் உரிமைகள் சட்டம் என்று இதற்கெனச் சட்டங்கள் உண்டு. தயங்க வேண்டாம்.

ஆனால் வீட்டுக்கு அழுதுகொண்டு வருகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த ஒரு வாக்கியம் நம்மில் பலர் வாயில் வரும்: "நீ கறுப்பு இல்லடா, பிரவுன்." அல்லது "நாம அவங்க மாதிரியா? நாம படிச்சவங்க." அந்த நிமிடம் பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் கேலி செய்தவன் ஏணி ஒன்றைக் காட்டினான் என்றால், நாம் அதே ஏணியில் பிள்ளையை இரண்டு படி மேலே ஏற்றிவைக்கிறோம். "நிறத்தை வைத்து யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது, சொன்னது தப்பு" என்பது மட்டும் போதும்.

நாம் அடிபடுகிறவர்கள் என்பதால்தான் இன்னொரு விஷயமும் சொல்கிறேன். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 1963-ல் பேருந்து ஓட்டுநர், நடத்துநர் பணிக்குக் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் எடுக்க மறுத்தார்கள். பால் ஸ்டீபன்சன் முதலானோர் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் பேருந்துகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். ஆகஸ்ட் 28-ல் அந்தத் தடை விழுந்தது. அதன்பின் அங்கே நடத்துநரான முதல் வெள்ளையரல்லாதவர் யார் தெரியுமா? ரக்பீர் சிங் என்ற சீக்கியர். அமெரிக்காவிலும் அப்படித்தான். 1946-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்கென்று கிடைத்தது ஆண்டுக்கு 100 குடியேற்ற இடங்கள். அந்தக் கதவு அகலமாகத் திறந்தது 1965-ல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில். நம்மில் பலர் கையிலிருக்கும் விசாவுக்குப் பின்னால் அவர்கள் பட்ட அடி இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். என் மகளுக்கு ரக்பீர் சிங் கதை மிகவும் பிடிக்கும்.

பெரியவர்கள் வந்து தங்கும்போது என்ன செய்வது என்பது எனக்கும் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பிள்ளை முன்னால் என் அப்பாவைத் திருத்தினேன், மூன்று நாள் பேசவில்லை அவர். அது என் தவறு. அடுத்த முறை தனியாக உட்கார்ந்து, "அப்பா, நீங்க சொல்றதை அவ அப்படியே பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுவா, அவளுக்குத்தான் கஷ்டம்" என்றேன். பேத்திக்குக் கஷ்டம் என்றதும் கேட்டுக்கொண்டார். மனசு மாறியதா என்று தெரியாது, வாய் மாறியது. அவளுக்கு அன்றைக்கு அது போதும். என் அம்மாவோ வேறு வழியில் மாறினார். கானாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அம்மாளோடு மாலையில் நடக்கப் போவார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. கையைக் காட்டி, முழங்காலைத் தொட்டு, வலி எங்கே என்று பேசிக்கொள்வார்கள். இரண்டே வாரத்தில் அம்மா வாயில் 'அவங்க' வந்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக, பொது இடத்தில் குழந்தை சத்தமாக "அவர் ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கார்?" என்று கேட்டால் என்ன செய்வது? வாயைப் பொத்தாதீர்கள். "உஷ்" என்றால் அது கேட்கக்கூடாத அசிங்கம் என்று பதிந்துவிடும். "தோலில் மெலனின் என்று ஒன்று இருக்கு. அவருக்கு நிறைய, உனக்குக் கொஞ்சம் குறைச்சல், எனக்கு உன்னைவிட அதிகம்" என்று அதே சத்தத்தில், சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அவர் திரும்பிப் பார்த்தால் சிரித்து, குழந்தை என்ன கேட்டது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். நான் ஒரு முறை அப்படிச் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்து, தன் கையை என் மகளின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் என் கையையும் இழுத்து அந்த வரிசையில் வைத்தாள். இறங்கும் இடம் வரும்வரை மூன்று கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "ரயில்ல ஒரு மாமா வந்தார்" என்றுதான் ஆரம்பித்தாள்.